காட்சி எண் 23: சாம்பார் சாதமும் முட்டையும்

விருதுநகர் உணவு அருங்காட்சியகத்தில் பள்ளிக் குழுக்களுக்கென இருபத்திரண்டு விதிகள் இருந்தன. பதினோராவது விதி இது: எக்காட்சியின் வாயிலாகவும் எந்த மாணவருக்கும் பசியுணர்வு ஊட்டப்படலாகாது.

விதிக்குக் காரணம் இருந்தது. அருங்காட்சியகம் திறந்த முதல் ஆண்டில், ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி இருபத்துமூன்றாம் காட்சியைச் சுவைத்துவிட்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்த மதிய உணவில் பாதியைப் பைக்குள் ஒளித்து வைத்துக்கொண்டாள். ஏன் என்று கேட்டார்கள். அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. குழந்தை பட்டினிக்குப் பயந்துவிட்டதாகப் பெற்றோர் கடிதம் எழுதினர். ஒரே வாரத்தில் விதி பிறந்தது. மூன்று வாரத்தில் தொழில்நுட்பர் இருதயராஜ் ஒரு வடிகட்டியை எழுதி முடித்தான். யாரோ எப்போதோ உண்ட நினைவின் பதிவுகளே அங்கே காட்சிகள்; அவற்றிலிருந்து சுவையை மட்டும் விட்டுவைத்து, உண்டவரின் உடல்நிலையை நீக்கிவிடும் வடிகட்டி அது. அதன்பின் யாரும் எதையும் ஒளித்து வைக்கவில்லை.

பத்தாண்டுகளுக்குப் பிறகு, ஜூலை மாதத்து இரண்டாம் செவ்வாய்க்கிழமை, சாத்தூரிலிருந்து ஏழாம் வகுப்பு மாணவர்கள் முப்பத்தெட்டுப் பேர் வந்தனர். அவர்களை அழைத்து வந்தவர் அறிவியல் ஆசிரியர் சங்கரேஸ்வரி. ஐம்பத்தேழு வயது. சாத்தூருக்கு மாற்றலாகி வந்ததிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் வருகிறார். இது ஒன்பதாவது முறை. அடுத்த ஆண்டு அவருக்குப் பணி ஓய்வு.

அவர் வந்துபோனால் புகார்ப் பதிவேட்டில் ஒரு பதிவு கூடியிருக்கும். மூன்றாண்டுகளுக்கு முன், சாமை ஜாடிக்கும் குதிரைவாலி ஜாடிக்கும் பெயர் மாறியிருப்பதாக எழுதினார். பத்தொன்பதாவது விதிப்படி, தகவல் பிழை குறித்த புகார் நிலுவையில் உள்ள காட்சியை விசாரணை முடியும்வரை மாற்றவோ அகற்றவோ கூடாது. விசாரணை ஏழு மாதம் நடந்தது. பல்கலைக்கழகத்திலிருந்து இருவர் வந்து இரண்டு ஜாடிகளையும் பார்த்துவிட்டு, ஆசிரியர் சொன்னது சரி என்று எழுதிக் கொடுத்தனர். அன்றுமுதல் சங்கரேஸ்வரி வரும் நாளில் இயக்குநர் குலசேகரன் தம் அறையைவிட்டு வெளியே வருவதில்லை.

சுவைக்கூடத்தில் மாணவர்கள் வரிசையாக அமர்ந்தனர். இருதயராஜ் ஆளுக்கொரு வில்லையை நாக்கில் வைத்து, பிடரியில் பட்டையை ஒட்டிக்கொண்டே வந்தான்.

“அண்ணா, இது யாரோட வாய்?” என்றான் மிதுலன்.

“வாய் இல்லப்பா. ஒருத்தங்க சாப்பிட்ட ஞாபகம்.”

“அப்ப எச்சிதானே?”

“ஞாபகத்துக்கு எச்சில் கிடையாது.”

“எங்கம்மா என் தம்பியோட தண்ணி பாட்டில்லயே வாய் வைக்க விடமாட்டாங்க. இங்க ஊர் பேர் தெரியாதவங்க ஞாபகத்தையே வாயில போட்டுக்கிறோம்.”

வரிசை முழுவதும் சிரித்தது. இரண்டு வில்லைகள் தரையில் விழுந்தன.

“மிதுலா,” என்றார் சங்கரேஸ்வரி. “ஒரு நேரத்துல வாயில ஒரு பொருள்தான் இருக்கணும். வில்லையா பேச்சான்னு முடிவு பண்ணு.”

மிதுலன் வில்லையைத் தேர்ந்தெடுத்தான்.

இருபத்துமூன்றாம் காட்சி இரண்டு நிமிடம் ஐம்பது விநாடி ஓடியது. பலகையில் இப்படி எழுதியிருந்தது: ‘சாம்பார் சாதமும் முட்டையும். பள்ளி மதிய உணவு, 2003. ஒன்பது வயது மாணவியின் நினைவு.’ காட்சி முடிந்ததும் மாணவர்கள் தங்கள் இருக்கையில் உள்ள மூன்று பொத்தான்களில் ஒன்றை அழுத்த வேண்டும். ஒன்றில் சிரித்த முகம், இன்னொன்றில் சும்மா இருக்கும் முகம், மூன்றாவதில் சுளித்த முகம். அன்றைய கணக்கு: சுளித்தவர் முப்பத்தொருவர், சும்மா இருந்தவர் எழுவர், சிரித்தவர் எவருமில்லை.

“மிஸ், போர்டுல முட்டைன்னு போட்டிருக்கு,” என்றாள் தன்ஷிகா. “முட்டையே வரலை.”

“எனக்கும் வரலை மிஸ்.”

“இருதயராஜ் அண்ணா தின்னுட்டார் மிஸ்.”

“அவிச்ச முட்டை அப்படித்தான்,” என்றான் இருதயராஜ். “சாம்பாரோட கலந்துடும்.”

சங்கரேஸ்வரி பலகையின் கீழே புதிதாக ஒட்டப்பட்டிருந்த அறிவிப்பைப் படித்துக்கொண்டிருந்தார். தொடர்ந்து மூன்று பருவங்களில் குறைந்த மதிப்பீடு பெற்றமையால், இக்காட்சி ஜூலை 31 அன்று அகற்றப்படும். அதன் இடத்தில் எண்ணெய்ப் பரோட்டா வரும். மிதுலன் அதை உரக்கப் படித்தான். வகுப்பு கைதட்டியது.

மாணவர்களை உடற்கல்வி ஆசிரியருடன் உணவருந்த அனுப்பிவிட்டு அவர் மட்டும் கூடத்திலேயே நின்றார். இருதயராஜ் வில்லைகளைக் கழுவும் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தான்.

“அகற்றின பிறகு அந்தப் பதிவை என்ன செய்வீங்க தம்பி?”

“அழிச்சிடுவோம் டீச்சர். காட்சியில இல்லாத ஞாபகத்தை நாங்க வச்சிருக்கக் கூடாது. சட்டம் அப்படி.”

“கொடுத்தவங்ககிட்டயே திருப்பிக் கொடுத்துடலாமே.”

“முடியாது டீச்சர். நாங்க நகல் எடுக்கிறதில்லை, அதையேதான் எடுக்கிறோம். பலாச்சுளையை எடுக்கிற மாதிரி. ஒட்டிக்கிட்டு இருக்கிற சடை மாதிரி, அதைச் சுத்தின ஞாபகமும் கூடவே வந்துடும். மறுபடி கொண்டுபோய் ஒட்ட முடியாது. கொடுக்கிறவங்க அதுக்குச் சம்மதிச்சு எழுதிக் கொடுத்துட்டுத்தான் கொடுக்கிறாங்க.”

“தெரியும். எழுதிக் கொடுத்தது நான்தான்.”

இருதயராஜின் கையிலிருந்த தட்டு அசையாமல் நின்றது. கொடையாளர் பெயர்கள் உறையிட்டு வைக்கப்பட்டவை. அவனுக்குத் தெரிய வழியில்லை.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், நினைவுக்கொடை வேண்டி அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது. பொதுக்காரியம் என்று சங்கரேஸ்வரி முன்வந்தார். ஐந்தாண்டுகள் உண்ட மதிய உணவில் ஒரு நாள் போனால் என்ன குறைந்துவிடும் என்று எண்ணினார். எந்த நாள் என்பதை அவர் தேர்ந்தெடுக்கவில்லை. இருப்பதில் மிகத் தெளிவானதைக் கருவி தானே கண்டுபிடித்து எடுத்துக்கொண்டது. அதற்கு முன் நிரப்பிய படிவத்தில் ‘சிறப்புக் குறிப்பு’ என்றொரு கட்டம் இருந்தது. தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொள்வது அவருக்குப் பிடிக்காது. அதில் ‘எதுவுமில்லை’ என்று எழுதிக் கையொப்பமிட்டார்.

“ஒன்பது வருஷமா வந்து சாப்பிட்டுப் பார்க்கிறேன்,” என்றார். “இது அது இல்லை.”

“ஞாபகமே இல்லாதப்ப அது இல்லைன்னு எப்படித் தெரியும் டீச்சர்?”

“தெரியாது. ஊகிக்கலாம். மெஷின் எடுத்தது என் மனசுல இருந்ததிலேயே தெளிவான ஒண்ணு. இவ்வளவு சப்புன்னு இருக்கிற சாப்பாடு அந்த இடத்துல இருந்திருக்க முடியாது. அப்ப ஒண்ணு, மெஷின் தப்பா எடுத்திருக்கணும். இல்லைன்னா அதுக்கப்புறம் நீங்க எதையோ எடுத்திருக்கணும்.”

இருதயராஜ் தட்டைக் கீழே வைத்தான்.

“பசியை எடுத்தேன்.”

“அது மட்டுமா?”

“பசியை எடுத்ததும் கடைசியில நூறு விநாடி வெறுமையா நின்னுச்சு. சுவையே இல்லை. இரைச்சல்னு நினைச்சுக் காட்சியிலேர்ந்து வெட்டிட்டேன்.”

“நூறு விநாடி,” என்றார் சங்கரேஸ்வரி. தேர்வுத்தாளில் விடுபட்ட பக்கத்தைக் கண்டவரைப் போன்ற குரல்.

இருதயராஜ் சற்றுத் தயங்கிக் கேட்டான். “கொடுத்த பிறகு உங்களுக்கு ஏதாவது குறையாத் தெரிஞ்சுதா டீச்சர்?”

“ஒரு குறையும் இல்லை. தங்கச்சியோட ஒரு மனஸ்தாபம். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை.”

சம்பந்தமில்லை என்றவர் அதைப் பாதியில் நிறுத்தாமல் முழுதும் சொன்னார். எட்டாண்டுகளுக்கு முன் ஒரு காதணி விழாவில், பந்தியில் பக்கத்தில் அமர்ந்திருந்த தங்கை முத்துச்செல்வி, தன் பிரியாணியில் இருந்த முட்டையைப் பாதி கடித்து, மீதியை அக்காளின் இலையில் வைத்தாள். அதற்கு முன்பும் பல முறை வைத்திருக்கிறாள். அதைத் தான் ஏன் பொறுத்துக்கொண்டோம் என்பது சங்கரேஸ்வரிக்கு விளங்கவில்லை. எச்சிலை ஏன் என் இலையில் வைக்கிறாய் என்று கேட்டார். செல்வி இலையை மூடிவிட்டு எழுந்து போனாள். அன்றுமுதல் தீபாவளிக்கு ஒரு தொலைபேசி அழைப்பு, பொங்கலுக்கு ஒன்று.

“முழுப் பதிவை ஒரு தடவை நான் பார்க்கணும் தம்பி. அழிக்கிறதுக்கு முன்னால. அவ்வளவுதான்.”

முழுப் பதிவைப் பராமரிப்புப் பணியாளர் மட்டுமே இயக்கிப் பார்க்கலாம். இருதயராஜ் பராமரிப்புப் பதிவேட்டைத் திறந்தான். ‘பரிசோதனை உதவியாளர்’ என்ற இடத்தில் அவருடைய பெயரை எழுதி, நேரத்தைக் குறித்தான்.

“இது தெரிஞ்சா உங்க வேலைக்கு?”

“நீங்க புகார் எழுதாம இருந்தாப் போதும் டீச்சர்.”

பதிவு நான்கு நிமிடம் முப்பது விநாடி ஓடியது. இருதயராஜ் திரையில் ஓடும் கோடுகளைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவரைப் பார்த்தான். பத்தாண்டுகளாக அந்தக் கோடுகளைத்தான் பார்த்திருக்கிறான். எதிரே ஒரு முகம் இருந்ததில்லை. முதலில் அவருடைய தோள்கள் இறுகின. பின் வாய் அவசரமாக அசைந்தது. ஒன்பது ஆண்டுகளாக வில்லையை நாக்கில் வைத்துக்கொண்டு சிலைபோல் அமர்ந்திருந்தவர், இப்போது மென்று விழுங்கினார். தொடக்கம் முதலே அவருடைய இடக்கை, நாற்காலியின் கைப்பிடியில் எதையோ பொத்தியதுபோல் மூடியிருந்தது. மூன்றாம் நிமிடத்திற்குள் வாய் நின்றுவிட்டது. கை திறக்கவில்லை. கடைசி நூறு விநாடியில் அவர் மூன்று முறை எச்சில் விழுங்கினார்.

பட்டையைக் கழற்றியபின் சிறிது நேரம் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எழுதிக்கோங்க. வாயில சாதம், சாம்பார், ஒரு துண்டு பூசணிக்காய். முட்டை இல்லை. இடது உள்ளங்கையில சூடு. உருண்டையா, வழுவழுன்னு. முதல்லேர்ந்து கடைசி வரைக்கும்.”

“முட்டை கையில இருந்திருக்கு.”

“இருந்திருக்கு. சாதம் முடிஞ்ச பிறகும் இருந்தது. மணி அடிச்சா உடம்பு ஒரு தூக்கு தூக்குமே, அதுக்கப்புறமும் இருந்தது. அப்ப அந்த முட்டை உண்ணப்படலை.”

“பிடிக்காம இருந்திருக்கலாம்.”

“பிடிக்காத முட்டைக்கு வாய் இப்படி ஊறாது.”

“பசி இருந்துச்சா டீச்சர்?”

“இருந்தது. சாதம் போதலை.” இடக்கையை மடியில் வைத்துக்கொண்டார். “ஆனா பயம் இல்லை தம்பி. சந்தோஷமா இருந்தது. காரணம் தெரியலை. பசியோட ஒட்டிக்கிட்டு இருக்கு. நீங்க சொன்னீங்களே, சடை. பசியை உரிச்சப்ப அதுவும் போயிருக்கும்.”

இருதயராஜுக்கு முதலாண்டு மாணவியின் நினைவு வந்தது. பாதிச் சோற்றைப் பைக்குள் வைத்துக்கொண்டு, ஏன் என்று சொல்லத் தெரியாமல் நின்றவள். பயந்துவிட்டாள் என்று பெரியவர்கள் அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அவளை யாரும் கேட்கவில்லை, வீட்டில் உனக்கு யாரம்மா இருக்கிறார்கள் என்று.

“பசியை எடுத்தா சாப்பாடு மிஞ்சும்னு நினைச்சேன்,” என்றான்.

சங்கரேஸ்வரி கைப்பேசியில் தங்கையை அழைத்து, ஒலிபெருக்கியில் போட்டு மேசைமேல் வைத்தார். “நீங்களும் கேளுங்க. ஒரு ஆள் கேட்டதுக்கு மதிப்பு கிடையாது.”

மறுமுனையில் தையல் இயந்திரங்களின் இரைச்சல் கேட்டது. செல்வி திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மேற்பார்வையாளர்.

“என்னக்கா? தீபாவளிக்கு இன்னும் மூணு மாசத்துக்கு மேல கெடக்கே.”

“ஒரு விவரம் வேணும் செல்வி. நான் நாலாப்புப் படிக்கிறப்ப, பள்ளிக்கூடத்துல குடுத்த முட்டையை என்ன செய்வேன்?”

இரைச்சல் குறைந்தது, அவள் எங்கோ கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்திருக்க வேண்டும்.

“எதுக்கு இப்பக் கேக்குற?”

“எனக்குத் தெரியலை. அதனால கேக்குறேன்.”

“தெரியலையா?”

“அந்த ஞாபகத்தை மியூசியத்துக்குக் குடுத்துட்டேன். பன்னெண்டு வருஷமாச்சு.”

“குடுத்துட்டியா,” என்றாள் செல்வி. “உன்கிட்ட எத்தனையோ இருந்துச்சேக்கா. அதையா தூக்கிக் குடுத்த?”

“நான் எடுத்துக் குடுக்கலை. மெஷின் எடுத்துச்சு. பதிலைச் சொல்லு.”

“வாத்திச்சி புத்தி போகுதா பாரு. எனக்குத்தான் கொண்டாருவ. வாரத்துக்கு ஒண்ணு. பாவாடையில முடிஞ்சு, ஓட்டமா ஓடியாருவ. ‘பள்ளிக்கூடத்துல ஆளுக்கு ரெண்டு குடுத்தாக, ஒண்ணை நான் தின்னுட்டேன்’ம்ப. நானும் நம்பி நம்பித் தின்னேன். மறுவருசம் என்னை ஒண்ணாப்புல சேத்தாக. முத முட்டை நாளு, என் தட்டுல ஒண்ணுதான் இருந்துச்சு. இன்னொண்ணு எங்கன்னு ஆயாகிட்டச் சண்டைக்குப் போனேன். ஆளுக்கு ஒண்ணுதான்டி எப்பவும்னாக.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன. பாதியைக் கடிச்சேன். மீதியை எடுத்துக்கிட்டு, அஞ்சாப்பு வரிசைக்கு ஓடியாந்து உன் தட்டுல வச்சேன். ஒண்ணுஞ் சொல்லாம எடுத்துத் தின்ன. அன்னையிலருந்து வச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். முப்பத்தொம்பது வருசம் தின்ன. அப்புறம் நாலு பேரு முன்னால எச்சின்ன.”

“சொன்னேன்.”

“மறந்துட்டன்னு நான் நெனைக்கலக்கா. வெறுத்துட்டன்னு நெனச்சேன்.”

“சனிக்கிழமை விருதுநகர் வரணும் நீ,” என்றார் சங்கரேஸ்வரி. குரல் சீராக இருந்தது. சீராக வைத்துக்கொள்ள அவர் பட்ட பாடு எதிரே நின்றவனுக்குத் தெரிந்தது. “ஒரு கையெழுத்துப் போடணும்.”

“என்ன கையெழுத்து?”

“பலகையில ஒரு தகவல் பிழை இருக்கு.”

மறுமுனையில் செல்வி சிரித்தாளா அழுதாளா என்பதை இருதயராஜால் உறுதியாகச் சொல்ல முடியாது. “உன்னையக் கட்டிக்கிட்டு மாரடிக்க முடியாது,” என்று மட்டும் கேட்டது. “வாரேன்.”

அழைப்பு முடிந்ததும் இருதயராஜ் கேட்டான். “டீச்சர், பிள்ளைகளுக்கும் முழுப் பதிவையே போட்டா என்ன? எல்லாரும் சிரிச்ச முகத்தை அழுத்துவாங்க. காட்சி தப்பிச்சிடும்.”

“வேண்டாம். உங்க பதினோராவது விதியில தப்பில்லை. வீட்டுல என்ன நிலைமைன்னு தெரியாத பிள்ளைக்கு நாம பசியைக் கொடுக்கக் கூடாது. பலகையிலதான் தப்பு.” பலகையின் கீழிருந்த அறிவிப்பைத் திரும்பிப் பார்த்தார். “விசாரணை முடியிற வரைக்கும் காட்சியை அகற்றக் கூடாது, இல்லையா?”

“பத்தொன்பதாவது விதி.”

“விசாரணைக்கு முழுப் பதிவும் வேணும்?”

“அதுதான் ஆதாரம் டீச்சர். அதை அழிக்க முடியாது.”

வாசலில் மிதுலன் தலையை நீட்டினான். “மிஸ், பஸ் வந்துடுச்சு. அடுத்த வருஷம் பரோட்டா உண்டா இல்லையா மிஸ்?”

“தாமதமாகும்,” என்றார் சங்கரேஸ்வரி.

சனிக்கிழமை முற்பகல் புகார்ப் பதிவேடு இயக்குநர் குலசேகரனின் மேசைக்கு வந்தது. கையெழுத்தைப் பார்த்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். எதிரே சங்கரேஸ்வரி நிமிர்ந்து அமர்ந்திருந்தார். பக்கத்தில் அவரைப் போலவே மூக்கும் நெற்றியும் கொண்ட இன்னொரு பெண். மடியில் ஒரு எவர்சில்வர் டப்பா. இருதயராஜ் கதவருகே நின்றான்.

“எவ்வளவு நாளாகும் இது?” என்று குலசேகரன் அவனைக் கேட்டார்.

“சாமைக்கு ஏழு மாசம் ஆச்சு சார். அதுக்குச் சாட்சியே கிடையாது.”

குலசேகரன் படித்தார். காட்சி எண்: 23. பிழையான தகவல்: முட்டை உண்ணப்பட்டதாகப் பலகை கூறுவது. திருத்தம்: முட்டை மாணவியின் கையில் இருந்தது, அவள் அதை உண்ணவில்லை. ஆதாரம்: முழுப் பதிவின் இறுதி நூறு விநாடி. சாட்சி: மு. முத்துச்செல்வி, வயது 53, திருப்பூர். இதுவரை எல்லாம் ஒரே கையெழுத்தில், கோடு போட்டதுபோல் இருந்தன. ‘சாட்சிக்கு நிகழ்வோடு உள்ள தொடர்பு’ என்ற கடைசிக் கட்டத்தில் மட்டும் வேறு கை எழுதியிருந்தது. எழுத்துகள் கட்டத்தைவிட்டு வெளியே சாய்ந்திருந்தன.

‘தின்னது நான்தான்.’

அவர் அதை இரண்டு முறை படித்தார். பிறகு பேனாவின் மூடியைத் திறந்தார்.

“கடைசி வரியை மட்டும் அலுவலக வழக்கப்படி மாற்றி எழுதிவிடட்டுமா டீச்சர்?”

“வேண்டாம் சார்,” என்றார் சங்கரேஸ்வரி. “அதில் பிழை ஒன்றும் இல்லை.”